தடை போட்ட மருந்து தண்ணீரில் இருக்கிறதா: நீலகிரி ஊற்று, ஓடை, கிணறுகளில் மாதிரி எடுக்கும் முறை

டிடிடி (DDT) பூச்சிமருந்தை வயலில் பயன்படுத்துவது இந்தியாவில் 1989-இல் நின்றது. பி.எச்.சி. பவுடர் 1997-இல் நின்றது. எண்டோசல்ஃபானுக்கு 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மருந்து நின்றுவிட்டதே, தண்ணீரில் இனி என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இவற்றை நிலைத்த கரிம மாசுகள் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணமே, அடித்த கை ஓய்ந்த பிறகும் இவை மண்ணில் இருப்பதுதான். மண்ணில் டிடிடி பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டு ஆகும். ஊட்டி போன்ற குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் அந்தக் கணக்கு நீளும் பக்கமே சாயும். போதாததற்கு, சமவெளி வெயிலில் ஆவியாகும் மருந்து காற்றோடு ஏறிவந்து, குளிர்ந்த உயரத்தில் மழையோடும் பனிமூட்டத்தோடும் இறங்குவதும் உலகின் பல மலைகளில் கண்டறியப்பட்ட விஷயம்.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் தவறு நடப்பது ஆய்வகத்தில் அல்ல. தவறான இடத்தில், தவறான நாளில், தவறான பாட்டிலில் எடுத்த தண்ணீர் எவ்வளவு நல்ல ஆய்வகத்துக்குப் போனாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் திரும்பி வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊரே நிம்மதியாக இருந்துவிடும். ஆகவே இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் பாட்டில் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

எதைத் தேடச் சொல்வது

‘பூச்சிமருந்து டெஸ்ட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆய்வகம் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு பட்டியலை ஓட்டிக் கொடுக்கும். ஊற்றுக்கு மேலே என்ன பயிர் இருந்தது என்பதை வைத்து நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேத்தி, நஞ்சநாடு, இத்தலார், தூனேரி பக்கம் போல உருளைக்கிழங்கும் கேரட்டும் தலைமுறையாகப் போட்ட சரிவு என்றால் பி.எச்.சி. பவுடரில் உள்ள வேதிப்பொருளான எச்.சி.எச். நான்கு வகையும் (ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா), டிடிடியும் அதன் சிதைவுகளான டிடிஇ (DDE), டி.டி.டி. (DDD) இரண்டும், ஆல்ட்ரின், டையெல்ட்ரின், ஹெப்டாகுளோர், ஹெப்டாகுளோர் எபாக்சைடு ஆகியவையும் வேண்டும். ஆல்ட்ரினை மட்டும் கேட்டுப் பயனில்லை; மண்ணில் அது டையெல்ட்ரினாக மாறிவிடும். ஹெப்டாகுளோரும் அப்படித்தான், எபாக்சைடாக மாறிவிடும்.

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத் தேயிலைச் சரிவு என்றால் இதோடு எண்டோசல்ஃபான் ஆல்ஃபா, பீட்டா, அவை மண்ணில் மாறி உண்டாகும் சல்ஃபேட் மூன்றையும் சேர்க்க வேண்டும். தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் பூச்சிக்கு அது அடிக்கப்பட்டது. செஞ்சிலந்திக்கு அடித்த டைகோஃபால் 2019-இல், நிலைத்த கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. டைகோஃபாலை டிடிடியிலிருந்து தயாரிப்பதால் அதற்குள்ளேயே கொஞ்சம் டிடிடி கலந்திருக்கும். டிடிடி தூவாத தோட்டத்தின் ஓடையில் டிடிடி வருவதற்கு இது ஒரு காரணம். எனவே டிடிடியை மொத்தமாகக் கேட்காமல் பாரா-பாரா, ஆர்த்தோ-பாரா என இரண்டு வடிவத்தையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

உருளைக்கிழங்கு மண்ணில் ஒரு விதிவிலக்கு. தங்க நிற நூற்புழு இந்த மலையில் 1961-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கார்போஃபியூரான் குருணை போட்ட வயல்கள் நிறைய. அது நிலைத்த கரிம மாசு அல்ல. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரைந்து ஊற்றுக்குச் சீக்கிரம் இறங்கும். மாதிரி எடுக்கிற சிரமம் ஒன்றுதான் என்பதால், ஆய்வகத்தில் வசதி இருந்தால் அதையும் கேட்டுவிடலாம்.

இடமும் நாளும்

டிடிடிக்குத் தண்ணீர் பிடிக்காது. மண்துகளில் ஒட்டிக்கொண்டு, மண் போகும் இடத்துக்குப் போகும். லிண்டேனும் (காமா எச்.சி.எச்.) ஆல்ஃபா எச்.சி.எச்.-உம் அதைவிடப் பல மடங்கு கரையும். அவை தெளிந்த நீரோடும் பாறை வெடிப்பு வழியே நிலத்தடிக்கும் இறங்கும். எங்கே எடுப்பது என்ற முடிவு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

கோடையில் கண்ணாடி மாதிரி ஓடும் ஓடையில் டிடிடியைத் தேடினால் கிடைக்காது. அதன் அடியில் கிடக்கும் வண்டலில் தேட வேண்டும். நிலத்தடி நீரைப் பார்க்க வேண்டுமானால் மழைக்கு முந்தைய மார்ச், ஏப்ரலில் ஒரு மாதிரி எடுங்கள்; அப்போது ஊற்றில் வருவது ஏறக்குறைய முழுக்கத் தேங்கிய நிலத்தடி நீர். இரண்டாவது மாதிரி முதல் பலத்த மழையில், ஓடை செம்மண் நிறமாக ஓடும்போதே எடுக்க வேண்டும். மறுநாள் தெளிந்த பிறகு போனால் வந்தது போய்விட்டிருக்கும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் இது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரியது. ஊட்டிக்கு இரண்டும் உண்டு. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பூண்டுச் சரிவுகளுக்கும் இதே கணக்கை உள்ளூர் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கேரட் கழுவும் இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மெஷினில் கழுவிய சேற்று நீர் நேராக ஓடையில் விழுந்தால், மழையே இல்லாத மாதத்திலும் வயல் மண் ஓடைக்குள் வந்துவிடும். கழுவும் இடத்துக்கு 50 மீட்டர் மேலே ஒரு மாதிரி, சேறு ஓடையோடு நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று. இரண்டும் இல்லாமல் கீழே மட்டும் எடுத்தால், மேலிருந்து வந்ததா கழுவியதால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

எல்லா ஊரிலும் ஒரு ‘சுத்தமான’ இடமும் வேண்டும்: வயலோ தோட்டமோ மேலே இல்லாத சோலையிலிருந்து வரும் ஓடை. அதில் வரும் எண்தான் காற்றில் வந்து விழுந்ததன் அளவு. மற்ற எண்களை அதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டில்

பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், 1 லிட்டர், மூடியின் உட்பக்கம் டெஃப்லான் தகடு. ஓர் இடத்துக்கு இரண்டு. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாக இரண்டு எடுங்கள். ஆய்வகம் அதில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, திரும்ப எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க அது உதவும்.

தண்ணீர் கேனும் பெட் பாட்டிலும் வேண்டாம். டிடிடி போன்றவை பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் தாலேட்டு என்ற வேதிப்பொருள்கள் கருவி வரையும் கோட்டில் பொய்யான முகடுகளைக் காட்டும். பழைய மதுபாட்டில் பழுப்பாக இருக்கிறதே என்று எடுக்கவும் வேண்டாம். அதன் மூடியில் இருப்பது டெஃப்லான் அல்ல.

முடிந்தவரை பாட்டிலை ஆய்வகத்திடமே வாங்குங்கள். நீங்களே கழுவ வேண்டிவந்தால் பாஸ்ஃபேட் இல்லாத சோப்பும் வெந்நீரும், பிறகு குழாய்நீர், பிறகு வாலை வடிநீர், கடைசியில் அசிட்டோன், அதன்மேல் ஹெக்ஸேன். தலைகீழாக, அலுமினியத் தாளால் வாயை மூடி உலர்த்துங்கள். அசிட்டோன், ஹெக்ஸேன் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும் திரவங்கள் என்பதால் அடுப்படியில் இந்த வேலை கூடாது.

மற்ற நீர்ச் சோதனைகளில் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பச் சொல்வார்கள். இங்கே அலசவே கூடாது. அலசும்போது கண்ணாடியில் ஒட்டும் மருந்து அங்கேயே தங்கி, அடுத்து நிரப்பும் லிட்டரோடு சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். நிரம்பி வழிந்துவிட்டால் கொஞ்சத்தைக் கொட்டிச் சரிசெய்வதும் அதே காரணத்தால் தவறு. வேறு பாட்டில் எடுங்கள்.

பஞ்சாயத்துத் தொட்டியில் குளோரின் போட்ட நீர் என்றால் லிட்டருக்கு 80 மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட் பாட்டிலில் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளோரின் சில மருந்துகளை வழியிலேயே மாற்றிவிடும். ஊற்று, கிணற்று நீருக்கு இது தேவையில்லை.

கை வைக்கும் முன்

அட்டைக்கடிக்குப் பயந்து மூக்குப்பொடி, உப்பு தேய்த்துக்கொள்வது பிரச்சினையில்லை. அட்டை, கொசு விரட்டும் களிம்பைப் பூசிய கையால் பாட்டிலைத் தொடக் கூடாது. அன்று காலை மருந்து அடித்த சட்டையோடு யாரும் வரக் கூடாது. மருந்து டப்பாவும் உரமூட்டையும் ஏற்றிய பிக்கப்பின் பின்பக்கத்தில் பெட்டியை வைக்கக் கூடாது, முன்சீட்டில் வையுங்கள். நைட்ரைல் கையுறை, இடத்துக்கு ஒரு ஜோடி. பாட்டிலைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், ஜெனரேட்டர் எதுவும் வேண்டாம்.

லேபிளை வீட்டிலேயே பென்சிலால் எழுதி ஒட்டிவிடுங்கள். மார்க்கர் பேனா மை வாடையே கரிமத் திரவம்தான்; திறந்த பாட்டில் பக்கத்தில் அதை எடுக்காமலிருப்பது நல்லது.

நிரப்பும் விதம்

*ஊற்று.* ஊற்றுக்கண்ணிலேயே எடுங்கள், தொட்டியில் அல்ல. தொட்டியில் பாசி, தூசி, பக்கத்து வயல் மண் எல்லாம் சேர்ந்திருக்கும். ஊற்றுக்கண்ணைத் தோண்டிப் பெரிதாக்கினால் அரை மணி நேரமாவது காத்திருந்து, நீர் தெளிந்த பிறகே நிரப்ப வேண்டும். குழாய் செருகி ஓடவிட்ட ஊற்றாக இருந்தால் குழாயின் வாயில் நேரடியாகப் பிடியுங்கள். அதில் மாட்டிய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

அதே இடத்தில் ஊற்றின் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர். இந்த எண் இல்லாமல் மார்ச் மாத அறிக்கையையும் ஜூன் மாத அறிக்கையையும் ஒப்பிட முடியாது: லிட்டரில் பாதியாகக் குறைந்த மருந்து, ஓட்டம் ஆறு மடங்கு கூடியதால் மொத்தத்தில் மூன்று மடங்காகியிருக்கலாம். லிட்டருக்கு 0.03 மைக்ரோகிராம், விநாடிக்கு அரை லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு இறங்குவது ஏறத்தாழ 1.3 மில்லிகிராம்.

*ஓடை.* ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நின்று, வாயை நீர் வரும் பக்கம் நோக்கிப் பிடித்து, பாட்டிலின் அடியைப் பற்றி, மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அமிழ்த்துங்கள். மேல்படலத்தில் எண்ணெயும் மெழுகும் மிதக்கும். அதில் இந்த மாசுகள் குவிந்திருப்பதால் அது கொஞ்சம் உள்ளே போனாலும் எண் எகிறும். காலால் கிளறிய சேறு பாட்டில் பக்கம் வரவே கூடாது. கழுத்துவரை நிரப்பி, இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடுங்கள்.

*திறந்த கிணறு.* மோட்டார் இருந்தால் ஓட்டிவிட்டுப் பிடியுங்கள். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூக்கு, பருத்திக் கயிறு. நைலான் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். தூக்கை அடிவரை விட்டுச் சேற்றைக் கலக்காமல், நீர்மட்டத்துக்கும் அடிக்கும் நடுவில் மொள்ளுங்கள்.

*போர்வெல்.* குழாயில் தேங்கிக் கிடக்கும் நீர் நிலத்தடி நீர் ஆகாது. குழாயிலுள்ள கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வெளியேற்றிய பிறகே மாதிரி. ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 21.4 லிட்டர் நிற்கும். நீர் நிற்கும் உயரம் 30 மீட்டர் என்றால் 640 லிட்டர். மூன்று மடங்கு 1,920. மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் கொடுத்தால் 48 நிமிடம் ஓட வேண்டும். ஓடும்போதே வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் மூன்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்தடுத்த மூன்று அளவும் மாறாமல் நின்றால் புது நீர் வந்துவிட்டது என்று பொருள்.

நீலகிரியின் கடினப் பாறையில் பல போர்களால் அவ்வளவு தர முடியாது. பாதியில் வற்றிவிடும். அப்போது ஒருமுறை முழுக்க வற்றவிட்டு, மட்டம் திரும்ப ஏறியதும் எடுங்கள். வற்றவிடுவதற்கு மோட்டாரின் டிரை-ரன் பாதுகாப்பு (நீரில்லாமல் ஓடினால் தானாக நிறுத்துவது) சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும் குழாய் மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். மெதுவாகத் திறந்து, நுரைக்காமல், பாட்டில் சுவரோரம் வழியவிடுங்கள்.

வண்டல்

ஓடை வேகம் குறையும் வளைவில், சிறு தடுப்பணையின் மேல்பக்கத்தில், பாலத்துக்கடியில் மெல்லிய சேறு படிந்திருக்கும். மணலும் கூழாங்கல்லும் எதற்கும் ஆகாது. விரலால் தேய்த்தால் மாவாக இருப்பதே வேண்டும். மேலே உள்ள 2 முதல் 5 சென்டிமீட்டர் படிவை மட்டும் ஸ்டீல் கரண்டியால் வழித்து, அந்த வளைவுக்குள்ளேயே ஐந்து இடத்திலிருந்து சேர்த்து, ஸ்டீல் தட்டில் நன்றாகக் கலந்து, இலையும் வேரும் பொறுக்கி எடுத்துவிட்டு, அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் 200 கிராம் போடுங்கள். மூடிக்கடியில் அலுமினியத் தாள். கரண்டியை அடுத்த இடத்துக்குப் போகுமுன் தேய்த்துக் கழுவி அசிட்டோனில் துடையுங்கள்.

ஆய்வகத்திடம் வண்டலின் கரிம அளவையும் சேர்த்துக் கேளுங்கள். சதுப்பு நிலத்துக் கறுத்த மண்ணில் கரிமம் அதிகம், அது மருந்தை அதிகம் பிடித்துவைக்கும். கரிமத்தால் வகுத்துப் பார்க்காவிட்டால் சதுப்புதான் குற்றவாளி என்று தோன்றும். உண்மையான மூலம் மேலே ஒரு மொட்டை வயலாக இருக்கும்.

மூலத்தைத் துரத்திப் பிடிக்கும் வேலைக்கு வண்டலைப் போல உதவுவது வேறில்லை. ஓடையில் கிளைகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளையிலும் ஒரு ஜாடி எடுத்தால், எண் பெரிதாக இருக்கும் கிளை எந்தச் சரிவுக்குப் போகிறதோ அங்கே போய் நிற்கலாம். முதலில் கீழிருந்து நான்கைந்து ஜாடி மட்டும் அனுப்புங்கள். பணம் மிச்சமாகும்.

வெற்று மாதிரி, பனிப்பெட்டி, நேரம்

ஆய்வகம் கொடுத்த சுத்தமான நீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய், ஓடைக்கரையில் திறந்து இன்னொரு பாட்டிலில் ஊற்றி மூடி அனுப்புங்கள். இதில் ஏதாவது வந்தால் அது உங்கள் கையிலிருந்தோ வண்டியிலிருந்தோ வந்தது. இந்த ஒரு பாட்டிலுக்கான கட்டணத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், அறிக்கையில் 0.02 என்று வந்து வாதம் கிளம்பும்போது, அது இல்லாமல் யாரிடமும் பேச முடியாது. ஏதாவது ஒரு இடத்தில் இரட்டை மாதிரியும் தனி எண் போட்டு அனுப்புங்கள். இரண்டுக்கும் இடையே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் கேளுங்கள்.

தெர்மாகோல் அல்லது ஐஸ் பெட்டியில் ஜெல் பேக் வைத்து 4 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்திருங்கள். தளர்வான ஐஸ் உருகினால் லேபிள் நனைந்து மூடிவரை நீர் ஏறும். உறைய விட்டால் பாட்டில் வெடிக்கும். ஊட்டியிலிருந்து கோவைக்கு 85 கிலோமீட்டர்தான், ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில். மதியத்துக்குள் போய்ச் சேர்வதற்கு விடிகாலையில் மாதிரி எடுங்கள். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து திங்கள்வரை வாசலில் கிடக்க விடாதீர்கள். எடுத்த 7 நாளுக்குள் நீரிலிருந்து மருந்தைக் கரைப்பானுக்குப் பிரித்திருக்க வேண்டும். பிரித்த சாற்றை 40 நாளுக்குள் கருவியில் போடலாம். அறிக்கையில் இந்த இரண்டு தேதியும் வேண்டும் என்று கேட்டுவாங்குங்கள்.

சேற்று நீர் அனுப்பும்போது ‘வடிகட்டாமல் முழு நீரையும் பிரித்தெடுக்கவும்’ என்று படிவத்தில் எழுதுங்கள். வடிகட்டித் துகளை எறிந்துவிட்டால் டிடிடியும் அதோடு போய்விடும். பாட்டிலின் உட்சுவரையும் கரைப்பானால் அலசிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வகத்திடம் முன்பே கேட்க வேண்டியவை

குடிநீருக்கான ஐ.எஸ். 10500:2012 தரத்தில் ஆல்ஃபா எச்.சி.எச்.-க்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம். பீட்டா, டெல்டா இரண்டுக்கும் 0.04. லிண்டேனுக்கு 2. ஆல்ட்ரின், டையெல்ட்ரினுக்கு 0.03. டிடிடி, டிடிஇ வகையறாவுக்கு 1. எண்டோசல்ஃபான் மூன்றுக்கும் 0.4. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘உங்கள் கருவி உறுதியாக அளக்கும் குறைந்தபட்ச அளவு என்ன?’ என்று கேளுங்கள். 0.1 மைக்ரோகிராம் என்று பதில் வந்தால், அவர்கள் ‘பி.டி.எல்.’ (அளக்கும் அளவுக்குக் கீழே) என்று எழுதித்தரும் ஆல்ஃபா எச்.சி.எச். வரம்பைப்போல ஒன்பது மடங்காகவும் இருக்கலாம். குறைந்தபட்சம் வரம்புக்குச் சமமாகவாவது, நல்லது அதில் மூன்றிலொரு பங்காகவாவது அந்த அளவு இருக்க வேண்டும்.

ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.ஏ.பி.எல்.) அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் ஒட்டுமொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. அரிசியில் மருந்து எச்சம் பார்க்க அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத் தண்ணீரில் அது இருக்க வேண்டியதில்லை. பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்ச ஆய்வகம் இருக்கிறது. விசாரிக்கத் தொடங்க நல்ல இடம்.

எலக்ட்ரான் கேப்சர் டிடெக்டர் பொருத்திய கேஸ் குரோமட்டோகிராப் மட்டும் என்றால், வந்த முகட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்வார்களா என்று கேளுங்கள். சதுப்பு நிலத்துப் பழுப்பு நீரில் உள்ள மட்கிய கரிமமும், காற்றுப்புகாத வண்டலில் உண்டாகும் கந்தகமும் அந்த டிடெக்டரை எளிதில் ஏமாற்றும். வண்டல் சாற்றைச் செம்புத் தூளால் கந்தகம் நீக்கிச் சுத்தம் செய்வது வழக்கம்; அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தீயணைப்பு நுரை, ஒட்டாத பூச்சு வகையான பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. பார்க்க வேண்டுமானால் மேலே சொன்ன பாட்டில் விதி தலைகீழ்: கண்ணாடியும் டெஃப்லானும் கூடாது, பாலிப்ரொப்பிலீன் பாட்டில். இரண்டையும் ஒரே பாட்டிலில் முடித்துவிட நினைக்க வேண்டாம்.

அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகு. 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம், 1 மைக்ரோகிராம் 1,000 நானோகிராம். வரம்பு மில்லிகிராமிலும் முடிவு நானோகிராமிலும் அச்சாகி வருவது சகஜம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பீதி கிளம்புவதும் பொய் நிம்மதி வருவதும் இங்கேதான்.

பிறகு விகிதங்கள். எது பழையது, எது புதியது என்பதைச் சொல்பவை அவைதான். பழைய பி.எச்.சி. பவுடரில் 60 முதல் 70 சதவீதம் ஆல்ஃபா, 10 முதல் 15 சதவீதம் காமா இருந்தது. காலப்போக்கில் மற்றவை போய், சிதையாத பீட்டா மட்டும் மேலோங்கும். ஒரு ஊற்றில் ஆல்ஃபா 0.004, பீட்டா 0.03, காமா 0.002 என்று வந்தால் அது பழைய பி.எச்.சி. காமா மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் லிண்டேன்.

எண்டோசல்ஃபானில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏழுக்கு மூன்று என்ற கலவையில் விற்றது. சல்ஃபேட் மட்டும் வருவது பழைய எச்சம். ஆல்ஃபா தூக்கலாக வந்தால் எங்கோ பழைய ஸ்டாக்கை இன்னும் அடிக்கிறார்கள். டிடிஇ அதிகம், டிடிடி குறைவு என்றால் பழையது. ஆர்த்தோ-பாரா டிடிடி, பாரா-பாராவைவிட அதிகமாக இருந்தால் டைகோஃபாலைச் சந்தேகியுங்கள். சாதாரண டிடிடி பவுடரில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

அளக்கும் அளவின் எல்லையை ஒட்டிய எண்களை வைத்து விகிதம் போட வேண்டாம்.

எண் கெட்டதாக வந்தால்

கொதிக்க வைப்பது இதற்குப் பலிக்காது. குளோரினும் மண்பானை, பீங்கான் மெழுகுவர்த்தி வடிகட்டியும் அப்படியே. படிகாரம் போட்டுத் தெளியவைத்து மணலில் வடித்தால் துகளோடு ஒட்டிய டிடிடி பெருமளவு போகும், கரைந்த லிண்டேன் போகாது. உண்மையாகப் பிடித்துவைப்பது கிளர்வூட்டிய கரி. ஆனால் தண்ணீர் கரியோடு இருக்கும் நேரம் போதாவிட்டால் அதுவும் வீண். பத்து நிமிடத் தொடர்பு கணக்குக்கு, மணிக்கு 20 லிட்டர் நீர் வேண்டுமானால் 3.3 லிட்டர் கரி தேவை. கடையில் மாட்டித்தரும் அரை லிட்டர் கார்ட்ரிட்ஜில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் தொடர்பு அரை நிமிடம்தான். முன்னால் 5 மைக்ரான் வடிகட்டி வைக்காவிட்டால் மழைக்காலச் சேறு கரியை அடைத்துவிடும். கரி தீர்ந்த பிறகு சுவையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. கரி கடந்த நீரை ஆண்டுக்கொருமுறை சோதிப்பதே வழி. மலை நீரில் உப்பு பொதுவாகக் குறைவு என்பதால் இதற்காக ஆர்.ஓ. வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு.

ஊற்றைக் காப்பது அதைவிட மலிவு. ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல்கட்டு, மேலே மூடி, மேல்பக்கச் சரிவில் நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால். வயலுக்கும் ஓடைக்கும் நடுவே புல் பட்டை. சரிவுக்குக் குறுக்கே பாத்தி. கேரட் கழுவும் நீர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழியில் நின்று தெளிந்த பிறகே ஓடைக்குப் போக வேண்டும். குழியில் படிந்த சேற்றை அள்ளி, எடுத்த வயலுக்கே திருப்புங்கள், ஓடைக்கரையில் குவிக்காதீர்கள்.

மூலத்தைத் தேடிப் போகும்போது பழைய கிழங்குக் குடோனிலோ தோட்டத்து ஸ்டோரிலோ பூஞ்சைவாடை அடிக்கும் வெள்ளைப் பவுடர் மூட்டை கிடைத்தால் அது பி.எச்.சி.யாக இருக்கலாம். திறந்து பார்க்க வேண்டாம். புதைக்கவோ, சாக்கடையில் கரைக்கவோ, எரிக்கவோ கூடாது. எரித்தால் டயாக்சின் உண்டாகும், அதுவும் இதே பட்டியலில் இருக்கும் நஞ்சு. இருந்த இடத்திலேயே படமெடுத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிழிந்த மூட்டையை இரட்டைப் பாலித்தீன் பையிலிட்டு, மூடியுள்ள இரும்பு டிரம்மில் வையுங்கள். டிரம் மழைபடாத சிமென்ட் தரையில், ஊற்றுக்கு மேலே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தரையில் சிந்தியதை ஈர மணல் தூவிக் கூட்டி, அந்த மணல், துடைப்பம், கையுறை எல்லாவற்றையும் அதே டிரம்மில் போடுங்கள். எதையும் ஓடையில் அலச வேண்டாம்.